பின் சீட்டில் மாவுத் தூக்கு

இதைத் தேதி போடாமல் எழுதிப் பார்க்கச் சொன்னது என் மனைவி. "நீங்க எழுதுறதெல்லாம் காலண்டர் மாதிரி இருக்கு. படிக்கிறவங்களுக்கு மலை தெரிய வேணாமா?" என்றாள். எனக்கு அது எளிதில்லை. பணியில் இருந்த காலம் முழுக்க நான் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க். வழக்குக் கட்டை எடுத்து நீதிபதி முன்னால் வைப்பதும், ஒத்திவைத்தால் அடுத்த தேதியைக் குறித்துக் கட்சிக்காரரிடம் சொல்வதும்தான் என் வேலை. அந்த அடுத்த தேதிக்கு வாய்தா என்று பெயர். தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் அந்தச் சொல் வந்து குடியேறிவிட்டது. மோட்டார் ரிப்பேருக்கு வாய்தா, பரணைச் சுத்தம் செய்ய வாய்தா. தேதியை விட்டுவிடுகிறேன். மாதமும் கிழமையும் அங்கங்கே தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு வாய்தாக்களில் மிகப் பழையது தேசியப் பூங்காப் பயணம்.

அவள் அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. ஆண்டுதோறும் கரும்பலகையில் தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்கள் ஐந்தையும் எழுதிப் போட்டு, ஒன்றில் என்ன விலங்கு, இன்னொன்றில் என்ன மரம் என்று நடத்தியவள். மாநில விலங்கு வரையாடு. அதன் கொம்பு எந்தப் பக்கம் வளையும், குளம்பு பாறையை எப்படிப் பற்றும் என்று சாக்பீஸால் படம் போடுவாள். ஆனால் அந்த ஐந்தில் எதையும் அவள் பார்த்ததில்லை. கிண்டியை மட்டும் சென்னையில் டவுன் பஸ்ஸிலிருந்து, ஒரு நீண்ட சுற்றுச்சுவராகப் பார்த்திருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டே, "காட்டுல ஒரு டென்ட் போட்டுத் தூங்கணும்" என்றாள். போகலாம் என்றேன். மகளின் பரீட்சை வந்தது, வீட்டுக்கடன் வந்தது, மகளின் கல்யாணம் வந்தது. நான் ஓய்வு பெற்று, அவளும் ஓய்வு பெற்ற வருடம், தீபாவளித் தள்ளுபடியில் ஒரு கூடாரம் வாங்கினோம். பச்சை நிறம். பிரித்தால் தானே விரிந்துகொள்ளும் என்று போட்டிருந்தது. மொட்டைமாடியில் விரித்துப் பார்த்தோம். விரிந்தது. திரும்ப மடிக்க ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது.

கார்த்திகை பிறந்ததும் என் வலது கண்ணில் சிலந்திவலை மாதிரி ஒன்று தொங்க ஆரம்பித்தது. சர்க்கரை விழித்திரையில் கசிவை உண்டாக்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். ஊசி போட்டார்கள். மருத்துவர் நிதானமான பெண்மணி. "படிக்கலாம், நடக்கலாம். கார் மட்டும் நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க" என்றார்.

கார் வீட்டு வாசலில் நின்றது. அதன் மேல் வேப்பம்பழுப்பு விழுந்துகொண்டிருந்தது.

என் அக்கா மகன் சமயநல்லூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். நல்லவன். எங்களுக்கு ஒரு அவசரம் என்றால் முதலில் வந்து நிற்பவன் அவன்தான். அவனுக்கு அந்தக் காரின் மேல் நெடுநாளாக ஒரு கண். கண்ணுக்கு ஊசி போட்ட மறுவாரம் என்னைப் பார்க்க வந்தவன், போகும்போது காரை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"மாமா, வண்டிய நிப்பாட்டி வச்சா பேட்டரி போயிரும். அப்புறம் டயர் போயிரும். அதுக்கு எனக்கே தள்ளி விட்ருங்க. உங்களுக்கு எப்ப வேணும்னாலும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

நான் தலையாட்டினேன். அவன் நியாயமாகத்தான் பேசினான். சமையலறை ஜன்னல் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவன் போனதும் அவள் வெளியே வந்தாள்.

"யாரக் கேட்டுத் தலையாட்டுனீங்க?"

"நிக்கிற வண்டிதானே."

"வண்டிதான் நிக்குது. நான் நிக்கலையே."

"ஓட்டுறதுக்கு ஆள் வேணாமா டீச்சர்?" தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன்.

"இனிமே யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போனாத்தான் நாம போறதா? மார்க்கெட்டுக்கு ஷேர் ஆட்டோ இருக்கு, சரி. காட்டுக்கு ஷேர் ஆட்டோ போகுமா?"

மறுநாள் காலையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். கல்லூரிப் பெண்களோடு பின் சீட்டில் நெருக்கி உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருப்பாளாம். மார்கழியில் லைசென்ஸ் வந்தது. அதிகாலையில் கோலம் போட்டுவிட்டு, அழகர்கோயில் சாலையில் பால் வண்டிகளுக்கு நடுவே போய்வந்து பழகினாள். பிறகு ரிங் ரோடு. நான் இடப்பக்க சீட்டில்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தான். கார் பற்றிய பேச்சு மறுபடி வந்தது.

"அத்தை, ரிங் ரோடு நேர் ரோடு. அங்க யாரும் ஓட்டலாம். மலையில ஒரு தரம் வண்டி பின்னாடி உருண்டுச்சுன்னா, அப்புறம் சாவியத் தொட மாட்டீங்க."

அவள் அவனுக்குத் தோசை வைத்துக்கொண்டே சொன்னாள். "சரி மருமகனே. ஆனைமலைக்குப் போயிட்டு வாரேன். அங்கேயிருந்து முதுமலை. நானே ஓட்டிப் போயி நானே ஓட்டிட்டு வந்தா கார் எனக்கு. பாதியில எங்கயாச்சும் நின்னு, உனக்கு போன் போட்டு வரச் சொன்னேன்னா அன்னைக்கே நீ எடுத்துக்க. உங்க மாமாவும் பேச மாட்டாரு, நானும் பேச மாட்டேன்."

"வெளையாட்டுக்குச் சொல்றீங்க."

"சட்னி இன்னும் வேணுமா?"

அவள் விளையாடவில்லை என்று அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அவன் போனபிறகு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "சித்திரை முடியட்டுமே. அதுக்குள்ள எனக்குக் கண்ணு சரியாயிரும். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டலாம்."

"சித்திரையில அழகர் வருவாரு. வைகாசியில யாருக்காச்சும் கல்யாணம் வரும். ஆனியில உங்களுக்கு வேற எதாச்சும் வரும். தை மாசக் கடைசி வாரம். இதுக்கு வாய்தா கிடையாது."

திட்டம் போடும் பொறுப்பை என்னிடம் விட்டாள். எங்கே எத்தனை மணிக்கு என்று எழுதி முடித்தபின், வனத்துறை அலுவலகம் ஒன்றுக்குப் போன் செய்து, பூங்காவுக்குள் கூடாரம் போடும் இடத்தைப் பற்றி விசாரித்தேன். எடுத்தவர் பொறுமையாகச் சொன்னார். "சார், காட்டுக்குள்ள சொந்தமா டென்ட் போடக் கூடாது. போட்டீங்கன்னா யானை வந்து பாக்கும். அதுக்கு முன்னாடி நாங்க வந்துருவோம்."

அவளிடம் சொன்னேன்.

"காட்டுக்குள்ள அத்துமீறி நுழைஞ்சதா எம்புட்டுக் கேஸுக்கு வாய்தா போட்டிருப்பீங்க? இது தெரியாதா?"

"அவங்க யாரும் டென்ட் எடுத்துட்டுப் போகலையே."

பகலில் காட்டுக்குள், பொழுது சாய்ந்தால் காட்டுக்கு வெளியே தெரிந்தவர் தோட்டத்தில் கூடாரம் என்று திட்டத்தை மாற்றினோம். ஒத்திகைக்கு, என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் மாந்தோப்புக்குப் போனோம். கொட்டாம்பட்டி தாண்டி, திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகவேண்டும். மரமெல்லாம் பூத்திருந்தது. விடிந்து பார்த்தபோது கூடாரத்தின் மேல் மாம்பூவும் பிசுக்குமாகப் பச்சை நிறமே தெரியவில்லை. அவள் விரலால் தொட்டு, இது இன்ன பூச்சியின் வேலை என்று நண்பருக்கு விளக்கினாள். சந்தோஷமாக இருந்தாள்.

திரும்பும் வழியில்தான் என் வாயைப் பற்றிய பேச்சு வந்தது. நான்குவழிச் சாலை. மேலூர் நெருங்கும்போது ஒரு ஆட்டோ எதிர்த்திசையில் வந்தது.

"ஆட்டோ" என்றேன். "ஆட்டோ. ஆட்டோ."

"ஏங்க, கோர்ட்டுல கேஸ் கூப்பிடுற மாதிரி மூணு தரம் கூப்பிடாதீங்க. நீங்க கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள ஆட்டோ கொட்டாம்பட்டி போயிருச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கோர்ட்டில் கட்சிக்காரரை மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். அது டவாலியின் வேலை, என் வேலையில்லை. ஆனால் தினமும் அந்தக் குரலுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தவன் நான். வாயைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். வாயாவது பரவாயில்லை. என் வலது கால் சொன்னபடி கேட்கவில்லை. முன்னால் எது வந்தாலும் அது தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை, ரப்பர் மிதியடிதான் இருந்தது. அதில் என் செருப்பின் தடம் பதிந்துவிட்டது.

*

தை கடைசி வாரம், வியாழக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். டிக்கியில் கூடாரம், பாய், தண்ணீர்க் கேன், சின்ன கேஸ் அடுப்பு, தோசைக்கல். பின் சீட்டில் கேப்பை தோசை மாவு, எவர்சில்வர் தூக்கில். "வெளியூர்ல நேரத்துக்கு எதும் கிடைக்கலைன்னா உங்களுக்குத் தலை சுத்தும்" என்று காரணம் சொன்னாள். பத்து மணிக்கு நான் சாப்பிட்டாக வேண்டும் என்பதைக் காட்டுக்குள் போனாலும் அவள் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

கூடல் நகர், பரவை கடந்து சமயநல்லூரில் அக்கா மகன் கடை வாசலில் நின்றிருந்தான். அவ்வளவு காலையில் அவன் கடை திறப்பதில்லை. அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"அத்தை, வண்டி ஏத்துற லாரிக்காரர் நம்பர் தரவா?"

"நீயே வச்சுக்க மருமகனே. உன் கடைக்குச் சாமான் ஏத்த ஆகும்."

"பாத்துப் போங்க அத்தை" என்று அவன் கத்தியது, கொஞ்சம் பின்னால் கேட்டது.

சமவெளி அவளுக்குப் பிரச்சினையாக இல்லை. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் அலுத்துக்கொள்ளாமல் போனாள். பழனி நெருங்க நெருங்க, சாலையோரம் முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள். பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக, வெறுங்காலில், தலையில் சின்ன மூட்டையோடு நடந்தார்கள். அவர்களுக்காக அவள் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. கால் மட்டும் மிதியடியில்.

அன்று சாயங்காலம் ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. அவளோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவரின் தம்பி தோப்புக்காரர். நாங்கள் நிழலாகப் பார்த்துக் கூடாரத்தை விரித்து முடித்தபோது அவர் வந்தார். மேலே பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"ஏனுங் சார், மரத்தடியில போடாதீங்க. காய் விழுந்தா டென்டும் தாங்காதுங்க, தலையும் தாங்காதுங்க."

தேங்காய் காயப்போடும் களத்துக்குக் கூடாரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி அவள் சொன்னாள். "இம்புட்டு வருஷம் காத்திருந்து, தேங்கா விழுந்து போயிருப்போம்."

மறுநாள் மலை. ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. வால்பாறை போய்ச்சேர நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. முதல் வளைவில் அவள் ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, அகலமாக எடுத்துத் திரும்பினாள். அடுத்ததிலும் அப்படியே. அவளுடைய உதடுகள் அசைந்தன. கிளட்ச், ஒண்ணு, ஹாரன் என்று தனக்குத்தானே பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறாவது வளைவு என்று நினைக்கிறேன். பாதி திரும்பும்போது மேலிருந்து அரசுப் பேருந்து ஒன்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. அவள் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டாள். இடப்புறம் இடம் இருந்தது, போயிருப்பாள். என் வாய் திறந்துகொண்டது.

"பஸ். பஸ். பஸ்."

அவள் பிரேக்கை மிதித்தாள். கார் ஒரு குலுக்கலோடு அணைந்தது. அணைந்து, பின்னால் உருண்டது. ஒரு முழம் இருக்கும். என் வலது கால் மிதியடியைத் துளைத்துவிடும்போல அழுத்திக்கொண்டிருந்தது. அவள் கைப்பிரேக்கை இழுத்தாள். நின்றது.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். அணைந்தது. பேருந்து நின்று காத்திருந்தது. அதன் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. எங்களுக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவள் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி அப்படியே இருந்தாள். அக்கா மகனின் பெயர் அவளுடைய போனில் முதலாவதாக இருந்தது, ஏனென்றால் முந்தின இரவு அவன்தான் கடைசியாகப் பேசியிருந்தான். அந்தப் போன் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

போனை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நீங்க பின்னாடி போயி உக்காருங்க."

குரலில் கோபமில்லை. வகுப்பில் பேசுகிற பிள்ளையை இடம் மாற்றி உட்காரவைக்கும் குரல். இறங்கினேன். பேருந்தின் கண்டக்டர் அதற்குள் இறங்கி வந்திருந்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"போங்க சார், அம்மா சொல்றதக் கேளுங்க. எங்க டிரைவரும் என்னையப் பின்னாடிதான் வச்சிருக்காரு."

பின் கதவைத் திறந்த வேகத்தில் அது தடுப்புச்சுவரில் கிறீச்சென்று உரசியது. ஏறி உட்கார்ந்தேன்.

"அந்த மாவுத் தூக்க ரெண்டு காலுக்கு நடுவுல வச்சு இறுக்கிப் பிடிச்சுக்கங்க" என்றாள், திரும்பாமல். "சாஞ்சுச்சுன்னா நாளைக்கு உங்களுக்குத் தோசை கிடையாது."

கண்டக்டர் ஓரமாக நின்று கையைக் காட்டினார். "பதறாம வாங்கம்மா. ஏறுற வண்டிக்குத்தான் வழி. நாங்க நிக்கிறோம்." அவள் கிளட்சை மெல்ல விட்டாள். கார் ஒருமுறை முனகிவிட்டு நகர்ந்தது. பேருந்தைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து யாரோ ஒரு அம்மாள் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அந்தக் காரில் பின் சீட்டில் அதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை. முன் சீட்டின் தலைச்சாய்மானம் மறைத்துக்கொண்டது. எதிரே என்ன வருகிறது என்று தெரியவில்லை. தெரியாததைக் கூப்பிட முடியாது. வளைவு வரும்போதெல்லாம் தூக்கு ஒரு பக்கம் சாயும், அதை இரண்டு கெண்டைக்காலாலும் பிடித்து நிமிர்த்த வேண்டும். இடது வளைவில் வலது கால், வலது வளைவில் இடது கால். எனக்கு வேலை சரியாக இருந்தது. எத்தனையாவது வளைவில் என்று சொல்லத் தெரியவில்லை, என் வலது கால் தரையை அழுத்துவதை மறந்திருப்பதைக் கவனித்தேன்.

பக்கவாட்டில் பார்க்க ஆரம்பித்தேன். கீழே ஆழியாறு அணை. தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் சிறிதாகிக்கொண்டே வந்தது. ஓட்டுகிறவனுக்கு மலையில் சாலை மட்டும்தான் கிடைக்கும். இத்தனை வருடம் குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் போனபோதெல்லாம் இதைத்தான் அவள் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்குப் பழைய பயண நூல்கள் மேல் பிரியம் உண்டு. குதிரையிலும் பல்லக்கிலும் மதுரைக்கு வந்துபோனவர்கள் எழுதியதைத் தேடித்தேடிப் படித்திருக்கிறேன். எல்லோரும் எதிரில் தெரிந்ததைத்தான் எழுதினார்கள். கூட வந்தவரின் பிடரியை ஒருவரும் எழுதவில்லை. என் எதிரில் அப்போது அதுதான் இருந்தது. கொண்டைக்குக் கீழே நரைத்த முடி வியர்வையில் சுருண்டு ஒட்டியிருந்தது. வளைவுக்கு முன்னால் தோள் கொஞ்சம் உயரும், திரும்பி முடித்ததும் இறங்கும். போகப்போக உயர்வது குறைந்தது.

இன்னும் சில வளைவுகள் ஏறியிருப்போம். இடப்புறத் தடுப்புச்சுவரின் மேல் ஒரு வரையாடு நின்றது.

பாறை நிறம். பின்னோக்கி வளைந்த கொம்பு, அவள் கரும்பலகையில் போட்டது போலவே. காரைப் பற்றிக் கவலைப்படாமல் எதையோ மென்றுகொண்டிருந்தது. கையை நீட்டினால் தொடலாம். அவள் பார்த்தாள், தலை அரைக்கணம் அந்தப் பக்கம் திரும்பி, சாலைக்குத் திரும்பியது. ஹாரன் அடிக்கவில்லை. கியர் மாறியது. கார் வளைவை எடுத்துத் திரும்பி மேலே போனது. கண்ணாடியில் ஆடு சின்னதாகி மறைந்தது.

நான் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "நிறுத்தலையா?"

"வளைவுல நிறுத்தக் கூடாது" என்றாள்.

எனக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

தேயிலைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில், அகலமான ஓரத்தில் நிறுத்தினாள். இன்ஜினை அணைத்ததும் என் காலடியில் டப் என்று ஒரு சத்தம். காலை வெயிலிலும் குலுக்கலிலும் மாவு பொங்கி, தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. என் பேன்ட்டில் முழங்கால் முதல் செருப்பு வரை கேப்பை மாவு. நான் தூக்கைக் கெட்டியாகப் பிடித்தபடியே இருந்தேன், விடலாமா கூடாதா என்று தெரியவில்லை.

அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கேன் தண்ணீரை எடுத்து என் காலில் ஊற்றிக்கொண்டே, சிரிப்பு அடங்கியபின் சொன்னாள்.

"அங்க ரொம்பப் பயமா இருந்துச்சுங்க."

"நான் கூப்பிட்டிருக்கக் கூடாது."

"அது இல்ல. நீங்க எம்புட்டுக் கத்துனாலும் எனக்குக் காதுல ஏறாது. பழகிருச்சு. உங்க கால் அமுக்குறது தெரியும் எனக்கு. பக்கத்துல உக்காந்தா தெரியாதா? நீங்க ஒவ்வொரு தரம் அமுக்கும்போதும், நாம எதையோ பாக்காம விட்டுட்டோம் போலன்னு தோணும். வண்டி உருண்டப்ப நான் பிரேக் போட்டிருக்கேனா இல்லையான்னே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு."

நான் பேன்ட்டைப் பிழிந்தேன். அவள் தூக்குக்குள் எட்டிப்பார்த்து, "பாதி இருக்கு, ரெண்டு நாளைக்கு ஓட்டலாம்" என்றாள்.

வால்பாறையில் நாங்கள் தங்கவிருந்த எஸ்டேட்டில், கூடாரத்தைப் பார்த்ததும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்கள். சிறுத்தை வருமாம். காலியாகக் கிடந்த சாக்குக் கிடங்கைத் திறந்துவிட்டார்கள். சுவருக்குள், கூரைக்குக் கீழே, கூடாரத்தை விரித்தோம். அதற்கு வெளியே அடுப்பை வைத்துத் தோசை சுட்டாள். தேயிலை வாசனையும் கேப்பை வாசனையும். "தேசியப் பூங்காவுல டென்ட் போட்டுட்டோம்னு ஊர்ல சொல்லிக்கலாம்" என்றாள். "யாரும் குறுக்கு விசாரணை பண்ண மாட்டாங்க."

இறங்கும்போது ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில், சமமான இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, வரையாட்டுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. தரையில் புழுக்கை கிடந்தது. அவள் குனிந்து உட்கார்ந்து பார்த்து, "இது அதோடதுதான்" என்று உறுதி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இவள் எத்தனை பிள்ளைகளுக்குப் பிடித்த ஆசிரியையாக இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. மலை என்றால் நான் பின்னால், சமதளம் என்றால் முன்னால். முன்னால் வரும்போது தூக்கையும் எடுத்துக்கொண்டு வந்தேன். மாவு தீர்ந்த பிறகும் அதில் தண்ணீர் நிரப்பிக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். அவள் பார்த்தாள், எதற்கு என்று கேட்கவில்லை. டாப்ஸ்லிப் போனோம். ஊட்டி ஏறி, கூடலூர் வழியாக முதுமலைக்கு இறங்கினோம். மசினகுடிக்கு வெளியே சோலார் வேலி போட்ட ஒரு தோட்டத்தில் ஒருவழியாக வானத்துக்குக் கீழே கூடாரம் போட்டோம். விடியலில் வேலிக்கு அப்பால் புள்ளிமான்கள் நின்றன. அவள் கூடாரத்தின் ஜிப்பைக் கொஞ்சம் மட்டும் திறந்து, டம்ளர் காப்பியோடு குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காப்பி ஆறிப்போனது. பந்திப்பூர்ச் சாலையில் ஒரு யானைக் குடும்பம் குறுக்கே போனபோது இன்ஜினை அணைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனதும் ஒரே முயற்சியில் ஸ்டார்ட் செய்தாள்.

திரும்பும்போது சமயநல்லூரில் அக்கா மகன் சாலைக்கே வந்துவிட்டான். காரைச் சுற்றிப் பார்த்தான். இடப்பக்கப் பின் கதவில் நின்றான்.

"இது என்ன அத்தை கீறல்?"

"அது உங்க மாமா."

"மாமா ஓட்டுனாரா?"

"இறங்கி ஏறுனாரு."

அவன் என்னைப் பார்த்தான். நான் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே கடைக்குள் போய், கண்ணாடியில் ஒட்டுகிற போன் ஸ்டாண்ட் ஒன்றை எடுத்துவந்து காருக்குள் பொருத்தினான். "அத்தைக்கு. வழி பாக்க ஆகும்" என்றான். கார் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

பங்குனியில் கண் பரிசோதனை. மருத்துவர் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். கசிவு வற்றிவிட்டது என்றார். பகலில் மட்டும், ஊருக்குள் மட்டும், கார் ஓட்டலாம் என்றார். மருந்து தெளிந்ததும் இன்றைக்கே ஓட்டலாமா என்று அவள்தான் கேட்டாள். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும் என்றார் மருத்துவர். காப்பி குடித்து, காத்திருந்து, நிழல் நீண்டபிறகு வெளியே வந்தோம். எனக்கு எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

வண்டி நிறுத்துமிடத்தில் அவள் சாவியை நீட்டினாள்.

"இந்தாங்க."

வாங்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சாவி மட்டும் விரல்நுனியில் லேசாக ஆடியது.

"வாய்தா போட்டுக்கலாமா?" என்றேன்.

"எதுவரைக்கும்?"

"அது பெஞ்ச் சொல்லணும்."

சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். சுற்றிப்போய் வலப்பக்கம் ஏறினாள். நான் இடப்பக்கம். கோரிப்பாளையம் சிக்னல் தாண்டி, தல்லாகுளம் திருப்பத்தில், பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ கையைக்கூடக் காட்டாமல் குறுக்கே பாய்ந்தது. அவள் பிரேக் போட்டாள். ஆட்டோ போனது. அவள் கியரை மாற்றிக்கொண்டு, நாளைக்குக் கேப்பை நனையப் போடணும் என்று ஞாபகப்படுத்தினாள்.

அன்று காலுக்கு நடுவில் தூக்கு இல்லை. குனிந்து பார்த்தேன். என் வலது கால் வைத்தது வைத்தபடியே இருந்தது.